தறி நின்றால் விழித்துக்கொள்ளும் பிள்ளைகள்

எங்கள் வீட்டுக்கு இரு பக்கமும் விசைத்தறி. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஆறு. சேலம் அம்மாப்பேட்டையில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். அந்தச் சத்தம் என் காதில் விழுவதே இல்லை. வெளியூர் உறவினர்கள்தான் "இதில் எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்பார்கள். இப்போது பகலில் என் வீட்டுக் கூடத்தில் எட்டுப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். பத்துத் தறியும் தடதடவென்று ஓடும்போது ஒருவரும் அசைவதில்லை. மின்சாரம் போய்த் தெரு சட்டென்று அடங்கினால் போதும், முதலில் ஒன்று கண்ணைத் திறக்கும், அடுத்த நிமிடம் எட்டும் எழுந்து உட்கார்ந்து அழும். பராமரிப்புப் பணிக்காக நாளை காலை முதல் மாலை வரை மின்தடை என்று செய்தித்தாளில் நம் பகுதியின் பெயரைப் பார்த்தால், நாளைக்கு எனக்கு மதியச் சாப்பாடு நின்றுகொண்டேதான் என்று முடிவு செய்துவிடுவேன்.

வீட்டில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. எப்படித் தொடங்கினீர்கள், என்ன செலவாகும், எங்கே அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

பதினொரு வருடம் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி ஆசிரியையாக இருந்தேன். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். இரண்டு மாதம் அரைச் சம்பளம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. மழலையர் வகுப்புகள் மறுபடி திறக்க 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. அப்போது எங்களில் சிலரைக் கூப்பிட்டார்கள், சிலரைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிடப்படாதவர்கள் பட்டியலில். அந்தக் கோபத்தை இங்கே கொட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மாடியில் குடியிருந்த பெண் ஒரு மருத்துவமனையில் செவிலியர். பிரசவ விடுப்பு 26 வாரமும் முடிந்துவிட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எடப்பாடியிலிருந்து வருவதாக இருந்த மாமியார் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். "அக்கா, ஒரே ஒரு வாரம்" என்று ஏழு மாதப் பையனை என் மடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஒரு வாரம் மூன்று மாதமானது. கடைசியில் ஒரு நாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சேலை, அதன் மேல் இரண்டாயிரம் ரூபாய் வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தாம்பாளத்தில் வரும் பணத்தின் சங்கடம் புரிந்தது. அதை அடுத்த மாதமும் கேட்க முடியாது. குறைவாக இருக்கிறது என்று சொல்லவும் முடியாது.

நல்ல வேளையாக அவளே வழி சொன்னாள். "கட்டணம் என்று ஒன்று வைத்துவிடுங்கள் அக்கா. இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் பிள்ளையை விடும்போது உங்களிடம் உதவி கேட்கிற மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது." என் மாமியாருக்கு இதில் உடன்பாடே இல்லை. "பச்சைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் காசு வாங்குவார்களா?" என்று ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாட்டுக்குப் புல் போடுகிறவனுக்குக் கூலி கொடுக்கிற ஊரில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவளுக்கு மட்டும் புண்ணியம் போதுமா என்று நானும் திருப்பிக் கேட்டேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது என் வீட்டில் தூளி ஆட்டுவதில் அவர்தான் முதல் ஆள்.

பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது என்பதற்கே ஒரு மாதம் போனது. 'காப்பகம்' என்று எழுதினால் ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். பிள்ளைகளை இரவில் தங்கவைத்தால் அது உண்மையிலேயே வேறு கணக்கு. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014-இல் வந்த சட்டத்தின்படி பதிவு வேண்டும். 'பிளே ஸ்கூல்' என்று போட்டால் மழலையர் பள்ளிகளுக்காக 2015-இல் வந்த விதிமுறைகள் வந்து நிற்கும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, கல்வித் துறையின் அனுமதி என்று வரிசையாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண் 'அ, ஆ' சொல்லிக்கொடுப்பதாகத் துண்டுப் பிரசுரம் அடித்துவிட்டு அலைந்த அலைச்சலைப் பார்த்தேன். நான் பாடமே சொல்லிக்கொடுப்பதில்லை. பலகையும் வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் 'பிள்ளை பார்க்கிற வீடு' என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விடுகிறார்.

பலகை இல்லை என்பதற்காகக் காகிதமும் இல்லாமல் இருக்கவில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்தேன். ஆதார், பான் எண்களும் கைப்பேசியும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம், கட்டணமே கிடையாது. ஒரு கணினி மையத்தில் இதற்கு ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் முப்பதாயிரம் கடன் வாங்கினேன். பாய்கள், பழைய குளிர்சாதனப் பெட்டி, கம்பிக் கதவு, முதலுதவிப் பெட்டி என்று அது சரியாகக் கரைந்தது.

கம்பிக் கதவு என்றதும் கிணற்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் பின்கட்டில் பழைய கிணறு ஒன்று இருக்கிறது. கோடையில் வற்றும், ஐப்பசியில் கை எட்டும் தூரத்துக்குத் தண்ணீர் வரும். இருபது வருடமாக அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறேன். எட்டு மாதப் பிள்ளை ஒன்று தவழ்ந்து பின்கட்டு வாசற்படியைத் தொட்ட நாளில்தான் அந்தச் சுவரின் உயரம் என்னவென்று முதன்முதலாகப் பார்த்தேன். என் முழங்காலுக்குச் சற்று மேல். என் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அன்றைக்கே வேலையாளைக் கூட்டிவந்து அளவெடுத்து, இரண்டு பாதியாகத் திறக்கும்படி இரும்புக் கம்பி மூடி அடித்துக் கிணற்றின் மேல் போட்டார். நடுவில் பூட்டு. சாவி என் தாலிக்கொடியில், ஊக்கோடு ஊக்காக. அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை. பின்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளை என் தோள் உயரத்துக்கு மாற்றச் சொன்னேன். கிணற்றைவிட ஆபத்து குளியலறை வாளி என்று செவிலியப் பெண் சொன்னபோது நான் நம்பவில்லை. தவழும் பிள்ளை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் ஒரு சாண் தண்ணீரே போதும், தலை கனம் என்பதால் தானாக நிமிர முடியாது, சத்தமும் வராது என்று விளக்கினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாளிகள் கவிழ்ந்தேதான் இருக்கும். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைப்பது முழுக்க மூடி போட்ட டிரம்மில்தான்.

பின்கட்டில் ஒரு கீற்றுக் கொட்டகையும் இருந்தது. வெயிலுக்குக் குளிர்ச்சி, பிள்ளைகள் விளையாட நல்ல இடம் என்று ஆசைப்பட்டேன். கணவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: "கும்பகோணம்." 2004 ஜூலை 16 அன்று பள்ளிக் கூரையில் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். அன்று எங்கள் பெரியவன் கைக்குழந்தை; தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறு ஞாயிற்றுக்கிழமை கீற்றைப் பிரித்து எடுத்துவிட்டோம்.

தூளி கட்டலாமா கூடாதா என்பதில் எனக்கும் குழந்தை மருத்துவருக்கும் ஒத்துப்போகவில்லை. சமதளத்தில், மல்லாக்கப் படுக்க வைத்துத் தூங்கவைப்பதுதான் பாதுகாப்பு என்றார். சரிதான். ஆனால் பிறந்ததிலிருந்து அம்மாவின் பழைய சேலைக்குள் சுருண்டு தூங்கிய பிள்ளையை முதல் நாளே பாயில் போட்டால், அது தூங்குமா? இரு தரப்பையும் சமாதானப்படுத்தும்படி ஓர் ஏற்பாடு செய்தேன். தூளியில் ஆட்டித் தூங்கவைப்பது, தூங்கியதும் எடுத்துப் பாயில் மல்லாக்கக் கிடத்துவது. இரண்டே கொக்கி. கொக்கி மாட்டிய அன்று 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஒரு சேலையில் கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டோம். காலையில் எழுந்தவுடன் போய்ப் பார்த்தேன், சிப்பம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, மாமியார் அதைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தார்.

இனி கொலுசு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சேலம்.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று இந்த ஊரில் வெள்ளிப் பட்டறைகள் எத்தனையோ. எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேரின் அப்பாக்கள் கொலுசு வேலை செய்கிறவர்கள். காப்பு போடும் நாளிலேயே காலில் கொலுசு ஏறிவிடும். தொடக்கத்தில் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அடுப்படியில் நின்றபடியே சத்தத்தை வைத்து யார் எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு கொலுசுக்கும் ஒவ்வொரு குரல். இரட்டையரில் மூத்தவளுடையது கலகலவென்று இருக்கும், இளையவளுடையதில் ஒரு சலங்கை நசுங்கிப்போனதால் ஒரு கால் மட்டும் ஊமை.

2023 ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தைய வாரம். பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று பாயில் உட்கார்ந்து தன் காலையே பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே இன்னொரு பிள்ளைக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இருமல் கேட்டது. திரும்பினால் வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை, கண்கள் என்னையே பார்க்கின்றன. செவிலியப் பெண் எனக்கும் மாமியாருக்கும் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். முன்கையின் மேல் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் திருப்பிப் போட்டு நெஞ்சு நடுவில் ஐந்து அழுத்தம். மூன்றாவது தட்டில் ஏதோ விழுந்தது. சிமென்ட் தரையில் அது விழுந்த சின்ன 'டிங்' சத்தம், பத்துத் தறி ஓடும்போதும் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. மிளகு அளவு வெள்ளிச் சலங்கை. பிள்ளை வீறிட்டு அழுதது. நான் அதைவிடச் சத்தமாக அழுதேன் என்று மாமியார் சொல்கிறார்.

உடனே பிள்ளையின் அம்மாவுக்குத் தொலைபேசி செய்து நடந்ததை நடந்தபடியே சொன்னேன். மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை. மறுநாள் முதல் கொலுசு போட்ட கால் உள்ளே வரக்கூடாது என்று விதி வைத்தேன். பிள்ளைக்கு வந்த ஆபத்தைக் கேட்டுப் பதறிய அதன் பாட்டியே இந்த விதியைக் கேட்டுச் சண்டைக்கு வந்தார். "சேலத்தில் பிறந்த பெண் பிள்ளையின் காலை மூளியாக வைப்பதா?" ஒன்றும் பேசாமல் அந்தச் சலங்கையை எடுத்து அவர் கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு அவரே குனிந்து பேத்தியின் கொலுசைக் கழற்றினார்.

கழற்றிய கொலுசுகளை எங்கே வைப்பது? ஆளுக்கொரு சின்ன எவர்சில்வர் டப்பா, மேலே பெயர், மாலையில் போகும்போது வாசற்படியில் உட்கார்ந்து பெற்றவர்களே மாட்டிக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இரண்டாவது வாரத்தில் ஒரு தகப்பனார் கொலுசைக் கையில் வாங்கி, போடாமல், உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். "அக்கா, இது எங்களுடையது இல்லை. எட்டு கிராம் குறைகிறது." ஒரே அச்சில் செய்த இரண்டு ஜோடி டப்பா மாறியிருந்தது. தராசில் போட்டுப் பார்த்தபோது குறைந்தது எட்டரை கிராம். அவருக்கு அந்த அரை கிராம் விட்டுப்போனதில் வருத்தம். மறுநாள் வண்ண நூல் கண்டுகள் கொண்டுவந்து ஒவ்வொரு ஜோடியின் திருகிலும் ஒரு நிறத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கொலுசு போன பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. காதால் பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று. அடுப்படிக்குப் போவதென்றால் இன்னொரு பெரியவர் கூடத்தில் இருந்தே ஆக வேண்டும். இதனால்தான் உதவிக்கு ஆள் வைத்தேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் தறிக்கு நூல் தார் சுற்றியவர். பிள்ளைகள் அவரை 'ஆயா' என்கிறார்கள். எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி ஊழியரும் அவரை 'ஆயா' என்கிறார், ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்கு வேலைக்காரம்மா என்று அர்த்தம். ஒரே சொல், கூப்பிடும் தொனியில் இந்த அம்மாவுக்கு வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. பிள்ளை கூப்பிட்டால் ஓடுவார். வங்கி ஊழியர் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார்.

ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம்? மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட குழந்தைகள் காப்பக வழிகாட்டுதலில், மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர், அவரோடு ஓர் உதவியாளர் என்று இருக்கிறது. எழுதியவர் பத்துப் பிள்ளைகளோடு ஒரு மதியம் இருந்து பார்த்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பெண்கள், கூடவே மாமியார். எட்டுக்கு மேல் ஒன்பதாவது பிள்ளைக்கு இடமில்லை என்று இதுவரை பதினைந்து பேரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் எப்போதும் மூன்று பேருக்கு மேல் கிடையாது. தீ என்றால் ஆளுக்கு எத்தனை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்பதுதான் என் கணக்கு.

சேர்க்க வந்த ஒரு தகப்பனார் முதல் கேள்வியாக, "உங்கள் வீட்டில் ஆண்கள் யார் யார்?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் மகன், கணவர் என்று பதில் சொல்லி, அவர் போன பிறகு மதியம் முழுக்கப் பொருமினேன். மாலையில் மகனிடம் சொன்னபோது அவன், "சரியான கேள்விதானே அம்மா, நீங்கள் தங்கையை எங்காவது விட்டால் கேட்க மாட்டீர்களா?" என்றான். கேட்பேன். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர்தான் எனக்கு ஆச்சரியம் தருகிறார்கள். துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது பெண்கள் மட்டும், அதுவும் கூடத்தின் மூலையில், கதவு சாத்தாமல். மகனும் கணவரும் மாலை ஆறரைக்குப் பிறகே வீட்டுக்குள். உதவிக்கு இருக்கும் அம்மாவுக்குக் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்கியபோது அவர் கண் கலங்கியது உண்மை. எனக்கும் சேர்த்தே வாங்கினேன் என்று காட்டிய பிறகுதான் சமாதானமானார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டு விஷயத்தில் முதல் மூன்று மாதம் நானே சமைத்தேன். அரிசியும் பருப்பும், நெய் விட்டு. ஆனால் தொழிலாகச் சமைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்தக்கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்க வேண்டும். அதைக்கூடச் செய்திருப்பேன். சமையலை நிறுத்தியதற்குக் காரணம் வேறு. எங்கள் ஊரில் யார் வீட்டுச் சோற்றை யார் சாப்பிடுவார்கள் என்பதற்கு ஒருவரும் எழுதி வைக்காத பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து "எங்கள் பிள்ளைக்கு மட்டும் நாங்களே கொடுத்தனுப்புகிறோம்" என்று வந்தபோது காரணம் கேட்க எனக்கும் அவசியமில்லை, சொல்ல அவர்களுக்கும் வாயில்லை. அந்தப் பட்டியலை என் வாசலுக்குள் விடுவதாக இல்லை. எல்லோரும் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், சூடு பண்ணி ஊட்டுவது என் வேலை என்று சொல்லிவிட்டேன். ஆனால் பதினொரு மணிக்குப் பழம் மட்டும் என் செலவு, ஒரே தட்டு, எட்டுக் கையும் அதில்தான். மல்கோவா காலத்தில் வந்து பாருங்கள்.

கொண்டுவருவதிலும் சில தடைகள் உண்டு. நிலக்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை வேண்டாம். ஒரு வயதாகாத பிள்ளைக்குத் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. ஜவ்வரிசிக் கஞ்சியை மட்டுமே கொடுத்துவிட்ட அம்மா ஒருவர் உண்டு. நம் ஊர்ச் சரக்குதான், பெருமைதான், ஆனாலும் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டுமே. பருப்புத் தண்ணீரோ முட்டையோ கூட வர வேண்டாமா என்று கேட்டேன். அங்கன்வாடி ஊழியர் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம், மாதம் ஒருமுறை எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது. கஞ்சிப் பிள்ளையின் கோடு இரண்டு மாதம் படுத்தே கிடந்தது. அட்டையைக் காட்டியதும் அந்த அம்மா மறுபேச்சில்லாமல் டப்பாவை மாற்றினார்.

செவிலியப் பெண் தாய்ப்பாலைப் பிழிந்து கொண்டுவந்தபோது மாமியார் அதிர்ந்துபோனார். 25 டிகிரி வெப்பம் வரை வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். சேலத்துச் சித்திரையில் 25 டிகிரியை நான் பார்த்ததில்லை. அதனால் ஐஸ் வைத்த டப்பாவில் வர வேண்டும், வந்தவுடன் குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம், கதவில் அல்ல, நேரம் எழுதிய சீட்டோடு. கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்துத்தான் சூடாக்குவோம், அடுப்பில் நேராக வைப்பதில்லை.

கட்டணம் மாதம் மூவாயிரம், ஒரு வயதுக்குக் கீழ் மூவாயிரத்து ஐந்நூறு. உதவியாளர் சம்பளம், பழம், சோப்பு, மின்கட்டணம், கடன் தவணை எல்லாம் போகப் பள்ளியில் வாங்கியதைவிட ஆயிரம் ரூபாய் கூட நிற்கிறது. பெரிய வருமானம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கட்டணத்தைவிட நேரம்தான் தலைவலி. மாலை ஆறரை என்று சொல்லியிருக்கிறேன். ஒரு அம்மா ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். தீபாவளிக்கு முந்தைய இருபது நாளும் இரவு பத்தாகும். கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டம் வந்தது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தில் சேர்த்தார்கள், அம்மா ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் சேர்த்தார்கள். எங்கள் பேட்டையில் வேலை நடப்பது நான்கு தறி, ஆறு தறி கணக்கில். ஐம்பதை எங்கே தேடுவது? அங்கன்வாடியோ மாலையிலேயே பூட்டிவிடும். ஆறரைக்கு மேல் மணிக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தேன். தீபாவளி முடிந்ததும் அந்தப் பெண் பத்து ரூபாய்த் தாள்களாகவே எண்ணி மூவாயிரத்து ஐந்நூறு கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கினேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த தீபாவளிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட அவளுக்குக் கால் வந்திருக்காது.

நோய்க்கு விதி எளிது. காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுவதும் ஆன பிறகே வர வேண்டும். மருந்தென்றால் பெயர், அளவு, நேரம் மூன்றையும் பெற்றவரே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், 'கொஞ்சம் கொடுங்கள் அக்கா' எல்லாம் செல்லாது. போன வருடம் கை, கால், வாயில் கொப்புளம் வரும் அந்தக் காய்ச்சல் மூன்று பிள்ளைகளுக்கு வந்தபோது பத்து நாள் மூடினேன். கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்ததில் கணவருக்குச் சம்மதம்தான், மாமியாருக்கு இல்லை. காசே வாங்கக்கூடாது என்றவர் அவர்தான்.

இந்தப் பங்குனியில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறது. ஐந்து மாதம். அம்மா வேறு எங்கும் போகவில்லை, எங்கள் இடப்பக்கத்து வீட்டில்தான் தறி ஓட்டுகிறாள். மகப்பேறு விடுப்பு, நான்கு தடவை அனுமதி எல்லாம் அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தறிக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். முதலில் முனகினார், பிறகு "உங்கள் பிள்ளைகள் என் தறிச் சத்தத்தில்தானே தூங்குகின்றன" என்று ஒப்புக்கொண்டார். அவள் தன் ஒரு தறியை மட்டும் நிறுத்திவிட்டு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். பத்தில் ஒன்று நிற்பது தூங்குகிற பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்துவிடுகிறது. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு படியேறி வருவாள்.